பத்த வைக்கிறவன்

ஓட்டேரி திருப்பத்தில்
காவிரிக் குழாய் உடைந்து நான்கு நாளாகிறது.
என் நம்பர் எப்படிக் கிடைத்ததோ,
மாநகராட்சி ஆள் வீட்டு வாசலில் நிற்கிறார்.
“பெரிய பெரிய பைப்பெல்லாம் ஒட்டினவராமே நீங்க,
இது இன்னா சார், சின்னது.”

சின்னதுதான்.
நான் ஒட்டியதன் உள்ளே
முதுகை வளைத்தால் நடந்தே போகலாம்.
ஒரு கடலில் கிளம்பி இன்னொரு கடலுக்கு
மணலில் படுத்துக் கிடந்தது அது.
வழியில் ஒரு மஞ்சள் கல், 212 என்று எழுதி.
அந்த இடத்துக்கு வேறு பெயர் கிடையாது.

சண்டை தொடங்கிய மாதம் அங்கே அடித்தார்கள்.
டி.வி.யில் மூன்று நாள் அதே புகை.
எண்ணெய் நின்றால் டாங்கி நிற்கும்,
டாங்கி நின்றால் ராஜா இறங்கி வருவார் என்று
கோட்டு போட்டவர்கள் வரைபடத்தில் கோடு கிழித்தார்கள்.
எங்களுக்குச் சிரிப்பு.
புகை அடங்குமுன் கருகியதை வெட்டிப் போட்டு
புதுத் துண்டு இறக்கி
வேர் ஓட்டம், சூட்டு ஓட்டம், மேல்மூடி,
எக்ஸ்ரேயில் ஒரு குமிழிகூட இல்லை என்று
கையெழுத்தும் வாங்கிவிட்டோம்.
நான்காம் நாள் குழாய்மேல் காதை வைத்தேன்.
ஓடிக்கொண்டிருந்தது.

எட்டு நாள் கழித்து மறுபடி அதே கல்.
மறுபடி நாங்கள்.

மூன்றாம் தடவை புகையே இல்லை.
டம்ளர் வாய் அளவுக்கு ஒரு ஓட்டை.
“இத்துக்குப் போயா இம்மா தூரம் வந்தானுங்க?”
கஜபதி, திமிரிக்காரன், சிரித்துக்கொண்டே பள்ளத்தில் இறங்கினான்.
ராடு பாக்கெட் எடுக்க நான் வண்டிக்குப் போனேன்.
மேலே ஏதோ ரீங்காரம்,
மிக்ஸியை மூன்றாவது வீட்டில் போட்ட மாதிரி.

ராடு பாக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது.
பிரிக்கவில்லை.

கணக்கு எனக்குப் பிறகுதான் பிடிபட்டது.
கம்பெனி யார்டில் குழாய் மலைபோல் கிடந்தது.
ஒட்டத் தெரிந்தவர்கள் பதினேழு பேர்.
சாயங்காலம் எண்ணியபோது ஒன்பது.
அந்த டம்ளர் ஓட்டை
எங்களைக் கூப்பிட அனுப்பிய கடிதாசி.

கஜபதி பெட்டி திமிரிக்கு வந்த வாரம்
பாய்லருக்கு எண்ணெய் கிடைக்கவில்லை என்று
ராணிப்பேட்டையில் அவன் அண்ணனுக்கு வேலை நின்றிருந்தது.
கிரீன் சர்க்கிள் பங்கில் ஆட்டோ வரிசை
பாலத்தைத் தாண்டி வளைந்து போனது.
நூற்றுப் பத்து டிகிரி வெயில்.
யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல்
பங்க் பையனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பேச்சில் பத்த வைப்பது என்றால்
வீட்டைக் கொளுத்துவது.
இரண்டு பேருக்கு நடுவே கோள் மூட்டுவது.
இரும்போடு இரும்பைச் சேர்ப்பதும் அதுதான்.
இன்னா தொழில் பண்றே என்று
அங்கே செக்போஸ்டில் ஒரு வேலூர்க்காரன் கேட்டிருந்தால்
எப்படிச் சொல்லித் தப்பித்திருப்பேனோ.

கம்பெனியிலிருந்து தினமும் போன் வருகிறது.
இரட்டைச் சம்பளம், போகவர டிக்கெட்.
‘வர’ என்பதை அழுத்திச் சொல்கிறார்கள்.

ஓட்டேரிப் பள்ளத்தில் இறங்கினேன்.
முழங்கால் வரை சேறு.
மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தாகிவிட்டது.
கிரைண்டரை அணைத்த நொடியில்
மேலே அதே ரீங்காரம்.

எப்போது குப்புற விழுந்தேன் என்று தெரியாது.
வாயெல்லாம் மண்.
பள்ளத்து விளிம்பில் பையன்கள் சிரிக்கிறார்கள்.
பாகாயத்து மண்டபத்தில் யாருக்கோ கல்யாணம்.
மாப்பிள்ளை ஊர்வலத்தைப் படம் பிடிக்கும் கேமரா
நான்கு இறக்கையில் நின்று
என்னையும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகிறது.

நீலக் குடத்தோடு ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள்.
அவள் சிரிக்கவில்லை.
“சாயங்காலம் வந்துடுமா தண்ணி?”

மேலே பார்த்தேன்.
வெறும் வெயில்.
“ஆறு மணிக்கு” என்றேன்,
முகமூடியை இறக்கிவிட்டபடி.
கை நடுங்கினால் குமிழி விழும்.
விழுந்தது.
அரைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.